பத்துக்கு எட்டு: ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைக்கும் தொழில்

ஃபிளெக்ஸ் பேனர் என்பது பி.வி.சி. பூசிய பாலியஸ்டர் துணியில் அச்சிட்டு, ரீப்பர் கட்டையிலோ இரும்புக் குழாயிலோ இழுத்துக் கட்டப்படும் தட்டி. திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று தமிழ்நாட்டு ஊர்களில் எது நடந்தாலும் முதலில் தெருமுனைக்கு வந்து சேர்வது இதுதான். இதை வடிவமைப்பவர் பெரும்பாலும் ஒரு சிறிய அறையில், ஒரே கணினியில், போட்டோஷாப்பையும் கோரல் டிராவையும் வைத்துக்கொண்டு வேலை செய்பவர். வாடிக்கையாளர் அவரிடம் கொடுப்பது சில முகங்களும் சில பெயர்களும்தான். அந்த முகம் அந்த ஆளாகவே இருக்கவேண்டும். அந்தப் பெயர் தூரத்திலிருந்து படிக்க வரவேண்டும். பூவும் ஒளிவட்டமும் தங்க எழுத்தும் இவை இரண்டும் அமைந்தபிறகு பார்த்துக்கொள்ளவேண்டியவை. இந்த வரிசையை மாற்றிச் செய்யும் வடிவமைப்பாளர்களே அதிகம் என்பதால்தான் தெருவில் இத்தனை பேனர்கள் இருந்தும் மனதில் நிற்பவை குறைவாக இருக்கின்றன.

இந்தத் தொழில் தூரிகைக்காரர்கள் இருந்த இடத்தில் வளர்ந்தது. அதற்கு முன் சினிமா பேனரும் கட்-அவுட்டும் கையால் வரையப்பட்டன. ஓவியர் சிறிய புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கையில் பெரிய துணியிலும் கட்டம் இழுத்து, ஒவ்வொரு கட்டமாக முகத்தைப் பெரிதாக்குவார். 2000-க்குப் பிறகு பெரிய அளவு டிஜிட்டல் அச்சு இயந்திரங்கள் பரவியதும் நாள்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடிந்தது. ஓவியர்கள் பலருக்கு வேலை போயிற்று. சிலர் கணினிக்கு மாறினார்கள். அப்படி மாறியவர்களிடம் தொழில் பழகிய வடிவமைப்பாளரை அவர் வேலையைப் பார்த்தே சொல்லிவிடலாம்: நிழல் எந்தப் பக்கம் விழவேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே வராது.

மென்பொருளின் வரலாறும் சிறிது தெரிந்திருக்கவேண்டும். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 1987-இல் தொடங்கிய நிரலை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் போட்டோஷாப் என்ற பெயரில் வெளியிட்டது. இந்தத் தொழிலை உண்மையில் சாத்தியமாக்கியது 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பின் லேயர் வசதி. முகம் ஒரு தாளில், பின்னணி ஒரு தாளில், எழுத்து ஒரு தாளில் என்று கண்ணாடித் தாள்களை அடுக்குவதுபோல வேலை செய்ய அதன்பிறகே முடிந்தது. 1998-இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு முன்பு, தட்டிய எழுத்து உடனே புள்ளிகளாக உறைந்துவிடும். பெயரில் ஒரு ‘ன’ தவறினால் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி தட்டவேண்டும். 2002-இல் ஏழாம் பதிப்போடு ஹீலிங் பிரஷ் வந்தபோது பழைய படங்களின் கீறலைச் சரிசெய்யும் வேலை வெகுவாகக் குறைந்தது. போட்டோஷாப்பைவிட ஓராண்டு மூத்தது 1989-இல் வந்த கோரல் டிரா. எழுத்தும் கோடும் கோரலில், படம் போட்டோஷாப்பில் என்று வேலையைப் பிரித்துக்கொள்வது இன்றும் பல கடைகளின் வழக்கம்.

வேலை அளவிலிருந்து தொடங்குகிறது. ‘பத்துக்கு எட்டு’ என்றால் பத்தடி அகலம், எட்டடி உயரம். ஃபிளெக்ஸுக்கு விலை சதுர அடிக் கணக்கு. ஆகவே இது எண்பது சதுர அடி. புதிதாக வருபவர் செய்யும் முதல் தவறு இங்கேதான். அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற பழக்கமான கணக்கை முழு அளவுக்கே போட்டால் 8,640-க்கு 6,912, அதாவது ஏறத்தாழ 6 கோடிப் புள்ளிகள். அச்சு வண்ணத்தில் ஒரு புள்ளிக்கு நான்கு பைட் வீதம் ஒற்றை லேயரே 240 மெகாபைட்டை நெருங்கும். இருபது லேயர் சேர்ந்தால் சாதாரணக் கணினி மூச்சுத் திணறும். அகலம் 35 அடியை எட்டினால் இதே கணக்கில் கோப்பைப் போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. வடிவில் சேமிக்கவே முடியாது, ஏனெனில் அந்த வடிவம் ஒரு பக்கத்துக்கு 30,000 புள்ளிகளுக்கு மேல் ஏற்காது.

அனுபவசாலிகள் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்வார்கள். பத்துக்கு எட்டு அங்குலத் தாள், 300 புள்ளி. இதை அச்சில் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கும்போது அங்குலத்துக்கு 25 புள்ளி கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். கேட்பதற்கு மோசமாகத் தோன்றும் இந்தக் கணக்கு தெருவில் நன்றாகவே நிற்கிறது. இயல்பான கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்கும்; இருபதடி தள்ளி நிற்பவருக்கு அது ஒன்றே முக்கால் மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய புள்ளி அவர் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. ஆனால் கல்யாண மண்டப வாசலில், விருந்தினர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் தட்டிக்கு இது போதாது. அங்கே 72-க்குக் குறையக்கூடாது. பேனர் எங்கே நிற்கப்போகிறது என்று கேட்டுக்கொண்டபிறகே புதிய கோப்பைத் திறக்கவேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்தது படம் வாங்குவது. பெரும்பாலான சிக்கல் இங்கே தொடங்கி இங்கேயே முடிகிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி வரும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அசல் அளவிலேயே வரும். இந்த ஒரு வாக்கியத்தைக் கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருப்பவர்கள் உண்டு. சுருங்கிய படத்தைப் பெரிதாக்கும்போது கன்னத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும். ஜே.பி.ஜி. முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் வரும் தடம் அது. ஒவ்வொரு முறை திறந்து திருத்தி அதே வடிவில் சேமிக்கும்போதும் அந்தத் தடம் ஆழமாகும். ஃபில்டர் எதைப் போட்டாலும் இழந்த விவரம் திரும்பாது. படத்தை மறுபடி கேட்டு வாங்குவதே வழி. அரை மணி நேரம் காத்திருந்தாலும் அது லாபமே.

படம் வந்தபின் ‘கட்டிங்’. பின்னணியிலிருந்து ஆளை வெட்டி எடுப்பதற்குத் தொழிலில் உள்ள பெயர் அது. மேஜிக் வாண்ட் கருவியால் ஒரே சொடுக்கில் வெட்டப்பட்ட உருவத்தின் ஓரம் எலி கடித்ததுபோல இருக்கும். பென் டூலால் தோளையும் கையையும் சுற்றிப் பாதை போட்டு, கன்ட்ரோல்-என்டர் தட்டித் தேர்வாக மாற்றி, அரைப் புள்ளியோ ஒரு புள்ளியோ ஃபெதர் கொடுத்து ஓரத்தை மென்மையாக்கி, லேயர் மாஸ்க்கால் மறைப்பதே நிலையான முறை. பாதை உருவத்தின் விளிம்பிலேயே போகாமல் ஒன்றிரண்டு புள்ளி உள்ளே தள்ளிப் போகவேண்டும். இல்லாவிட்டால் பழைய சுவரின் நிறம் ஒரு மெல்லிய கோடாக உடம்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டே வரும். அழிப்பானால் நிரந்தரமாக அழிப்பவர்கள் பிறகு வருந்துவார்கள். மாஸ்க்கில் மறைத்தது எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரும்.

முடிதான் கடினம். அதிலும் மஞ்சள் நீராட்டு விழாப் படங்களில் சடையோடு மல்லிகைச் சரமும் சேர்ந்துகொள்ளும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைப் பூ. எந்தத் தானியங்கிக் கருவியும் அங்கே பூவைச் சுவரோடு சேர்த்துத் தின்றுவிடும். சிவப்பு, பச்சை, நீலம் என்று படம் பிரிந்திருக்கும் சேனல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பூவுக்கும் சுவருக்கும் வேறுபாடு அதிகமாக உள்ள சேனலை நகலெடுத்து, அதன் கருமை வெண்மையைக் கூட்டி, அதையே மாஸ்க்காக்குவது பழைய வழி. அதுவும் கைகொடுக்காதபோது ஒவ்வொரு மொட்டையும் பென் டூலால் சுற்றிவரவேண்டும். சரம் நீளமானால் ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்குத் தனிக் கூலி யாரும் தருவதில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் அத்தை பேனருக்கு முன்னால் நின்று முதலில் பார்ப்பது தலையலங்காரத்தைத்தான்.

இடம் பொருந்தவில்லை என்று முகத்தை இடம்வலமாகத் திருப்பும் பழக்கம் ஒன்று உண்டு. ‘ஃபிளிப்’ என்பார்கள். வலப்பக்கம் பார்க்கும் ஆள் இடப்பக்கம் பார்ப்பார், அமைப்பு சரியாகிவிடும். ஆனால் இடது தோளில் இருந்த முந்தானை வலது தோளுக்குப் போகும். சட்டைப்பை வலப்பக்கம் வரும். மூக்குத்தி, மச்சம், தலைவகிடு எல்லாம் மாறும். வீட்டாருக்கு எது தவறு என்று சொல்லத் தெரியாது. “என்னவோ எங்கப்பா மாதிரியே இல்ல” என்பார்கள். மனித முகம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. நெருங்கியவர்களுக்கு அந்த வேறுபாடுதான் அடையாளம். தெரிந்தவரின் முகத்தைத் திருப்புவதில்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. இடம் பொருந்தாவிட்டால் மாற்றவேண்டியது அமைப்பை.

வெட்டிய முகங்களை ஒரே தளத்தில் வைக்கும்போது ஒளி காட்டிக்கொடுக்கும். ஒருவர் படம் ஃபிளாஷில் எடுத்தது, நெற்றி வெளுத்து நிழலே இல்லாமல் இருக்கும். இன்னொருவர் படம் மாலை வெயிலில் எடுத்தது, ஒரு கன்னம் பொன்னாகவும் மறுகன்னம் இருட்டாகவும் இருக்கும். ஒளி எங்கிருந்து வந்தது என்று அறிய இரண்டு இடங்களைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். ஒன்று கண்மணியில் மின்னும் வெள்ளைப் பொட்டு, மற்றொன்று மூக்கின் கீழ் விழும் நிழல். பெரும்பாலானவர் முகத்தில் ஒளி வரும் திசையைப் பேனரின் திசையாக வைத்துக்கொண்டு, பின்னணியின் ஒளியையும் அந்தப் பக்கமே வைத்து, மற்றவர்களை கர்வ்ஸ் என்ற ஒளியளவுக் கருவி கொண்டு அதற்குச் சரிக்கட்டவேண்டும். பி.எஸ்.டி. தொகுப்புகளிலிருந்து எடுத்த ஆயத்தப் பின்னணிகளில் சூரியன் வலமேல் மூலையில் இருக்க, ஆளின் அதே பக்கத்துக் கன்னம் இருண்டு கிடப்பதைத் தெருவில் எத்தனையோ முறை பார்க்கலாம். பார்ப்பவர் காரணம் சொல்லமாட்டார். ஒட்டவைத்தது என்று மட்டும் அவருக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் தொழிலின் முழுத் திறமையும் தேவைப்படுவது கண்ணீர் அஞ்சலிப் பேனரில். அதற்கு ஆள் வருவது பெரும்பாலும் பின்னிரவிலோ விடியற்காலையிலோ. காலை பத்து மணிக்குள் வீட்டு வாசலில் பேனர் நிற்கவேண்டும். வருபவர் இறந்தவரின் அண்ணன் மகனாகவோ பக்கத்துவீட்டுக்காரராகவோ இருப்பார். அவர் கையில் இருப்பது, கிராமத்துப் பாட்டி ஒருவரின் விஷயமானால், பல நேரம் வங்கிப் பாஸ்புத்தகம் மட்டும்தான். அதில் ஒட்டிய பாஸ்போர்ட் படம். படத்தின் ஓரத்திலிருந்து தோள்வரை ஊதா நிற ரப்பர் முத்திரை. பிளாஸ்டிக் உறையில் உரசி உரசி மேலெல்லாம் வெளுத்த கீறல். எழுபது வருடம் வாழ்ந்தவருக்கு வேறு படமே எடுத்ததில்லை.

படம் மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர். இதை 600 புள்ளியில் ஸ்கேன் செய்தால் உயரம் சுமார் 1,060 புள்ளி; அதில் முகம் 700 புள்ளி அளவுக்கு வரும். ஓர் அடிக்கு ஓர் அங்குலக் கணக்கில் மூன்றடி உயர முகத்துக்குத் தேவை 900 புள்ளி. ஆகவே இந்தச் சிறிய படம் ஏறத்தாழப் போதும். 1,200 புள்ளியில் ஸ்கேன் செய்தால் கூடுதலாகக் கிடைப்பது தாளின் சொரசொரப்பே, முகம் அல்ல. அடுத்து முத்திரை. ஊதா மை பச்சை ஒளியை அதிகம் விழுங்கும், நீல ஒளியை அதிகம் திருப்பி அனுப்பும். அதனால் சேனல் பெட்டியைத் திறந்து பார்த்தால் பச்சைச் சேனலில் முத்திரை கன்னங்கரேலென்றும், நீலச் சேனலில் மங்கலாகவும் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படமானால் நீலச் சேனலை மட்டும் எடுத்துக்கொண்டாலே முத்திரை பெரும்பாலும் போய்விடும். வண்ணப் படமானால் முத்திரை விழுந்த இடத்தில் மட்டும் நீலச் சேனலின் ஒளியை எடுத்து, மீதியை குளோன் ஸ்டாம்பால் சேலையின் நெசவிலிருந்தே எடுத்து மூடவேண்டும்.

கீறல்களை ஹீலிங் பிரஷ் பார்த்துக்கொள்ளும். ஆனால் எது கீறல், எது சுருக்கம் என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. நெற்றியில் ஓடும் மூன்று வரியும், வாயோரம் விழுந்த மடிப்பும், காதில் தண்டட்டி தொங்கி நீண்ட துளையும் அந்தப் பாட்டியின் முகம். அவற்றைத் துடைத்துவிட்டால் யாரோ ஒரு மூதாட்டி கிடைப்பார். அந்தத் தெருவுக்குத் தெரிந்த ஆத்தா கிடைக்கமாட்டார். ஐயம் வந்தால் அருகில் உட்கார்ந்திருக்கும் உறவினரிடம் கேட்கவேண்டும்: “இது மச்சமாண்ணே, கறையா?” அவர் திரையை உற்றுப் பார்த்து, “மச்சந்தான். அது இருக்கட்டும்” என்பார். பல நேரம் அந்தக் கேள்வி வரும்வரை அவர் அழாமல் இருந்திருப்பார்.

மருத்துவமனையில் எடுத்த படமானால் மூக்கில் குழாய் இருக்கும். குழுப் படமானால் தோளில் பக்கத்து ஆளின் கை இருக்கும். உடையே சரியில்லையென்று ‘உடம்பு மாற்றும்’ வேலையும் வரும். பட்டுச் சட்டையும் சேலையும் அணிந்த தலையில்லா உருவங்கள் பி.எஸ்.டி. தொகுப்புகளில் கிடைக்கின்றன. முகத்தைக் கொண்டுபோய் அதில் வைப்பது எளிது; கழுத்தை ஒட்டுவதில்தான் வேலை இருக்கிறது. முகவாய்க்குக் கீழே விழவேண்டிய நிழலை வரையாவிட்டால் தலை மிதக்கும். கழுத்தின் பருமனும் தோளின் சரிவும் அவருடையதாக இருக்கவேண்டும். ஒடிசலான மனிதருக்குப் பயில்வான் தோள் வைத்த பேனர்கள் துக்க வீட்டில் நிற்பது பார்க்கப் பொறுக்காத காட்சி.

நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். “கொஞ்சம் கலராக்கிடுங்க” என்று கேட்காத வாடிக்கையாளர் அரிது. கறுத்த முகத்தை ரோஜா நிறத்துக்குக் கொண்டுபோவது கர்வ்ஸில் சில நொடி வேலை. அது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் கோரிக்கைக்குள் உண்மையான ஒரு காரணமும் இருக்கிறது. ஃபிளெக்ஸில் சால்வென்ட் மை பரவி, திரையில் தெரிவதைவிட இருண்டே அச்சாகும். கண்குழியும் கன்னத்து நிழலும் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும். அந்த நிழல் பகுதியை மட்டும் சிறிது திறந்துவிட்டால், நிறம் மாறாமலே முகம் தெளியும். இதைச் செய்துகாட்டினால் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்டது தெளிவைத்தான். அதற்கு அவர்களுக்குத் தெரிந்த சொல் ‘கலர்’ என்பதுதான்.

முகத்துக்கு அடுத்தது எழுத்து. தமிழில் இது தனிப் படிப்பு. இந்தத் தொழிலில் நெடுங்காலம் ஆண்டது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள்: பாமினி, ஸ்ரீலிபி, வானவில் முதலியவை. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழைத் தட்டினால் ‘கொ’ என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பழைய எழுத்துருவில் கொம்பு, எழுத்து, கால் என்று கண்ணில் தெரியும் வரிசையிலேயே தட்டுவதால் அந்தத் தொல்லை இல்லை. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 முறையையும் தரமாக அறிவித்தது. போட்டோஷாப்பின் பிந்தைய பதிப்புகள் பலவற்றில் விருப்பத் தேர்வுகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயக்கியைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு தமிழ் ஒழுங்காகவே வருகிறது. ஆனாலும் தடித்த, வளைந்த, பேனருக்கு ஏற்ற எழுத்துருக்கள் பழைய முறையில்தான் அதிகம் என்பதால் கடைகள் அவற்றை விடவில்லை.

இதனால் நாள்தோறும் ஒரு சிக்கல் வருகிறது. வாடிக்கையாளர் ‘மேட்டரை’ வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்புகிறார். அதைப் பழைய எழுத்துருவில் ஒட்டினால் வெறும் கட்டங்கள் வரும். எழுத்துரு மாற்றி வழியாக அதை மாற்றவேண்டும். மாற்றும்போது தடுமாறும் எழுத்துகளில் ‘கௌ’ முக்கியமானது. பலர் அதைக் கொம்பு, க, ‘ள’ என்று மூன்றாகத் தட்டுவார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அது கெ, ள என்ற இரண்டு எழுத்து. கௌரி என்ற பெயர் இப்படிச் சிதைந்து வருவது சாதாரணம். மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் படித்தே தீரவேண்டும். கோப்பை அச்சகத்துக்கு அனுப்புமுன் கோரலில் கன்ட்ரோல்-கியூ தட்டி எழுத்தை வளைகோடாக மாற்றிவிடவேண்டும். அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ‘கண்ணீர் அஞ்சலி’ ஆங்கில எழுத்துக் குவியலாக மாறி நிற்கும்.

எழுத்தின் அளவுக்கு ஒரு வழக்குக் கணக்கு உண்டு: பத்தடித் தொலைவுக்கு ஓர் அங்குல உயரம். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் இருசக்கர வாகனம் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். 40 மீட்டர் தொலைவில் பேனரைப் பார்ப்பவருக்குப் படிக்கக் கிடைப்பது நான்கு நொடிகூட இல்லை. 40 மீட்டர் என்பது 130 அடி. ஆகவே முதன்மைப் பெயர் ஓரடிக்கு மேல் உயரம் இருக்கவேண்டும். எட்டடி உயரத் தட்டியில் அப்படிப்பட்ட வரி இரண்டுதான் அடங்கும், ஏனெனில் முகங்களுக்கும் இடம் வேண்டும். எந்த இரண்டு வரி என்று தீர்மானிப்பதே வடிவமைப்பின் பெரும்பகுதி. மீதியெல்லாம் அருகில் வந்து நின்று படிப்பவருக்கானவை. சிறியதாக இருந்தால் குற்றமில்லை.

தமிழ்ப் பெயர்கள் அகலமானவை. இடம் போதவில்லையென்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கினால் செங்குத்துக் கோடுகள் மட்டும் மெலியும், படுக்கைக் கோடுகள் தடித்தே இருக்கும். எழுத்து நோயாளியைப்போலத் தோன்றும். நசுக்குவதற்குப் பதில் இயல்பிலேயே ஒடுங்கிய எழுத்துருவை எடுக்கவேண்டும், அல்லது பட்டங்களைத் தனி வரியில் சிறிதாக்கவேண்டும். வரி இடைவெளியை மென்பொருளின் தானியங்கிக் கணக்குக்கு விடக்கூடாது. மேல்வரியின் ‘மூ’, ‘கூ’ வால் கீழ்வரியின் விசிறியையும் புள்ளியையும் போய் இடிக்கும். எழுத்தைச் சுற்றி ஸ்ட்ரோக் போடும்போது ‘வெளிப்புறம்’ என்ற தேர்வு மட்டுமே சரி. ‘நடு’ என்று வைத்தால் கோடு எழுத்தைத் தின்னும். வெளிப்புறக் கோடும் தடித்துப்போனால் ‘ண’வின் சுழி அடைபடும், மெய்யின் புள்ளி தலையோடு ஒட்டி மறையும். ‘க்’ தூரத்திலிருந்து ‘க’ ஆகிவிடும். பெவல், பளபளப்பு, தங்கப் பூச்சு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெறும் கறுப்பு எழுத்தாகத் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்க்கவேண்டும். அப்போது படிக்க வரும் பெயர் தெருவிலும் வரும்.

பெயர்களின் வரிசை மென்பொருள் சம்பந்தப்பட்டதல்ல, ஊர் சம்பந்தப்பட்டது. தாய்மாமன் பெயர் எங்கே வரவேண்டும், கட்சிப் பேனரில் ஒன்றியச் செயலாளரின் முகம் வட்டச் செயலாளர் முகத்தைவிட எத்தனை பங்கு பெரிது, பங்காளிகளில் மூத்தவர் யார் என்பதை வடிவமைப்பாளர் ஊகிக்கக்கூடாது; எழுதி வாங்கவேண்டும். தொழிலில் தீராத சண்டைகள் வண்ணத்தால் வந்ததில்லை, இந்த வரிசையால் வந்தவை. ‘தோற்றம்’, ‘மறைவு’ என்ற இரண்டு தேதிகளும் அப்படியே. முந்தைய பேனரின் கோப்பைத் திறந்து பெயரை மாற்றும்போது பழைய தேதி அப்படியே தங்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. புரூஃபைத் தாளில் எடுத்து, வந்தவர் கையால் ஒவ்வொரு பெயருக்கும் கோடு போடச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொள்ளும் கடைகளில் மறு அச்சு அபூர்வம்.

வண்ணத்தில் அறியவேண்டியவை சிலவே. திரை ஒளியால் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையில் மின்னும் கிளிப்பச்சை ஃபிளெக்ஸில் மங்கும். நீலத்தில் மெஜன்டா அதிகமானால் ஊதாவாக இறங்கும். சயானைவிட மெஜன்டாவை முப்பது விழுக்காடாவது குறைத்து வைத்தால் நீலம் நீலமாகவே நிற்கும். நான்கு மையையும் அள்ளிக் கொட்டிய கறுப்பு காயாமல், சுருட்டும்போது ஒட்டிக்கொள்ளும். ஓரங்கள் சட்டத்தின்மேல் மடங்கும், அங்கே ஆணி இறங்கும் என்பதால் முகமும் பெயரும் விளிம்பிலிருந்து மூன்று அங்குலமாவது உள்ளே இருக்கவேண்டும்.

சட்டத்தையும் வடிவமைப்பாளர் தெரிந்துவைத்திருக்கவேண்டும். தேர்தல் சுவரொட்டியோ துண்டறிக்கையோ எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்கவேண்டும் என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு. பொது இடத்தில் பேனர் வைக்க அனுமதி வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பேனர் சரிந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் நிலைகுலைந்து விழ, பின்னால் வந்த லாரி ஏறி இறந்துபோனார். அனுமதி இல்லாத பேனரை அச்சிடமாட்டோம் என்று சொல்லும் உரிமை கடைக்கு இருக்கிறது, சொல்லவும் வேண்டும்.

வேலை முடிந்ததும் லேயர்களை ஒன்றாக்கி அச்சுக்கு ஒரு நகல் அனுப்பவேண்டும். லேயர் பிரிந்த அசல் பி.எஸ்.டி.யைப் பெயரும் தேதியும் இட்டுத் தனியாக வைக்கவேண்டும். இடம் இல்லையென்றால் பின்னணியையும் பூக்களையும் நீக்கிவிடலாம், சரிசெய்த முகத்தின் லேயரை மட்டும் நீக்கக்கூடாது. பேனர் சில நாளில் இறங்கி, மாட்டுக்கொட்டகைக் கூரையிலோ வைக்கோல் போரின் மேலோ விரிக்கப்பட்டுவிடும். ஓராண்டு கழித்து நினைவஞ்சலிக்கு அதே வீட்டார் வருவார்கள். தட்டிக்காகச் சரிசெய்த அந்த முகத்தைச் சட்டம் போட்டு மாட்ட ஒரு பிரிண்ட் கேட்பார்கள். கிராமத்து வீடுகள் பலவற்றில் இன்று மாலையோடு தொங்கும் பாட்டியின் படம், பாஸ்புத்தகத்திலிருந்து ஓர் இரவில் எடுக்கப்பட்ட அந்தப் படம்தான்.